சைகை மொழிபெயர்ப்பாளர்க்குச் சான்றிதழ் எதற்கு?

கல்வியைத் தேடுதல் ஒவ்வொருவர் மீதும் கடமை என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. அக்கடமையிலிருந்து செவிப்புலன் இழந்தாருக்கு விலக்கு அளிக்கப்பட்டதாக எங்கும் காணோம். திருவள்ளுவரோ ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் வகுத்து, செவி வழியே வரும் அறிவின் சிறப்பைப் பத்துக் குறட்பாக்களில் விரித்துரைத்தார். அவர் போற்றிய அச்செல்வம் செவி கேளாப் பிள்ளைக்கு எவ்வழியே வந்து சேரும் என்பது, கல்வி நிலையம் நடத்துகின்ற ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.

கண் வழியே, கைகளின் அசைவு வழியே வந்து சேரும் என்பது இன்று ஐயமறத் தெளிந்த உண்மை. ஆசிரியர் வாய்மொழியாக நடத்தும் பாடத்தைச் சைகை மொழியில் மாற்றி மாணவனுக்கு அளித்து, மாணவன் சைகையால் கேட்கும் ஐயத்தை வாய்மொழியாக ஆசிரியருக்கு உரைக்கும் ஒருவர் வகுப்பறையில் இருந்தால், செவி கேளாத பிள்ளையும் பிறரோடு ஒருங்கமர்ந்து கற்க இயலும். அவரையே சைகை மொழிபெயர்ப்பாளர் என்கிறோம். அப்பணிக்கு வருபவர் தேர்வு எழுதிச் சான்று பெற்றவராக இருத்தல் வேண்டுமா, அல்லது நல்லெண்ணமும் ஓரளவு கைப்பழக்கமும் இருந்தால் போதுமா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருள்.

சான்று கட்டாயம் வேண்டும் என்பதே என் துணிபு. அதற்கு முதன்மையான காரணம் ஒன்றுண்டு. வகுப்பறையில் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், செவி கேளா மாணவர் என மூவர் இருக்கின்றனர். ஆசிரியர்க்குச் சைகை மொழி தெரியாது. மாணவர்க்கு ஆசிரியர் கூறியது கேளாது. இரண்டும் அறிந்தவர் நடுவில் நிற்பவர் ஒருவரே. அவர் பிழை செய்தால் அதனைக் கண்டறிய அவ்வறையில் வேறு எவரும் இல்லை. ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகை நடத்தும் ஹாஃபிழ் ஓரிடத்தில் தடுமாறினால், பின்வரிசையில் நிற்கும் மற்றொரு ஹாஃபிழ் உடனே எடுத்துக் கொடுப்பார். வகுப்பறையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வாறு எடுத்துக் கொடுப்பார் இல்லை. உள்ளே திருத்துவார் இல்லாத பணிக்கு, உள்ளே நுழையும் முன்பே தேர்வு வைத்தல் முறையன்றோ?

சைகையும் ஒரு மொழியே

சைகை மொழி என்பது ஊமைக் கூத்துப் போன்ற வெறும் பாவனை என்று எண்ணுவார் இன்னும் பலர் உளர். இவ்வெண்ணம் புதியதன்று. 1880ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகையை ஒழித்து உதட்டசைவையும் பேச்சுப் பயிற்சியையுமே கைக்கொள்ள வேண்டும் எனத் தீர்மானித்தது. அதன் விளைவாக உலகின் பல பகுதிகளில் பல தலைமுறைக் குழந்தைகள் வகுப்பறையில் கைகளைக் கட்டிக்கொண்டு, புரியாத உதடுகளைப் பார்த்தவண்ணம் அமர்ந்திருந்தனர். 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அமெரிக்கப் பேராசிரியர், சைகைக்கும் உறுப்புகளும் அமைப்பும் இலக்கணமும் உண்டென ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே அறிஞர் உலகம் மெல்லக் கண் திறந்தது. 2010இல் கனடா நாட்டு வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு, மிலான் தீர்மானங்களைத் தள்ளிவிட்டு அவற்றால் விளைந்த தீங்கிற்கு வருத்தமும் தெரிவித்தது.

இந்தியச் சைகை மொழிக்கெனத் தனி இலக்கணம் உண்டு. அது தமிழையோ இந்தியையோ ஆங்கிலத்தையோ சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவதன்று. வினாச்சொல் தொடரின் இறுதியில் வரும். எதிர்மறையும் இறுதியில் வரும். புருவத்தின் ஏற்றமும் தலையின் அசைவும் முகக்குறிப்பும் பொருளை மாற்றவல்ல இலக்கணக் கூறுகளாகும். எனவே, தமிழ் நன்கறிந்தவர் நூறு சைகைகளைப் பழகிக்கொண்ட அளவிலேயே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. அகராதியை மனனம் செய்தவர் அரபு மொழிப் பேராசிரியர் ஆகிவிடாமை போன்றதே இதுவும்.

ஒரு தமிழ் வகுப்பைக் காண்போம்

தமிழ்த்துறை மலரில் எழுதுவதால், நம் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தருதல் பொருந்தும். யாப்பிலக்கணம் நடைபெறுகிறது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எனச் செய்யுள் உறுப்புகளை ஆசிரியர் வரிசையாகக் கூறுகிறார். யாப்பறியாத மொழிபெயர்ப்பாளர் ‘தளை’ என்றதும் விலங்கைக் காட்டுவார். ‘அடி’ என்றதும் அடிப்பதைக் காட்டுவார். ‘தொடை’ என்றதும் தம் தொடையைத் தொட்டுக் காட்டுவார். குற்றியலுகரத்திற்கு மாத்திரை அரை என்று ஆசிரியர் சொன்னால், பாதி மருந்து வில்லையை விழுங்குவதாக மாணவன் கண்முன் ஒரு காட்சி தோன்றும். இயற்பியல் வகுப்பில் ‘வேலை’ என்னும் கலைச்சொல் உத்தியோகமாகும். கணித வகுப்பில் ‘மூலம்’ என்பது நோயாகிவிடும்.

படிப்போர்க்கு இது நகைப்பைத் தரலாம். ஆயினும் அந்த மாணவனுக்கு இது நகைச்சுவையன்று. அவன் மெய்யென்று நம்பியே அதனைக் குறித்துக்கொள்கிறான். தேர்வில் அவ்வாறே எழுதுகிறான். விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர், ‘பாவம், இவனுக்குப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டுகிறார். பிழை செய்தவர் ஒருவர். பழி ஏற்பவர் மற்றொருவர். திறமையற்ற மொழிபெயர்ப்பின் மிகப் பெருங்கொடுமை இதுவே. அறியாமை மொழிபெயர்ப்பாளருடையதாக இருக்க, அது மாணவனின் அறிவுக்குறையாகப் பதிவு செய்யப்படுகிறது.

நம் மரபு காட்டும் நெறி

இடைநின்று மொழிபெயர்ப்பவர் தகுதி பற்றிய சிந்தனை நமக்கு அயலானதன்று. யூதர்களுடன் நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தில், பிறர் படித்துச் சொல்வதை நம்பியிருத்தல் தகாது எனக் கருதிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அம்மொழியின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அவரும் அரைத் திங்களுக்குள் அதனைக் கற்றுத் தேர்ந்து, வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுபவராகவும் செல்லும் கடிதங்களை எழுதுபவராகவும் விளங்கினார் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள செய்தி. அரைகுறை அறிவால் காலம் தள்ளுமாறு அவர் விடப்படவில்லை. முறையாகக் கற்குமாறு ஏவப்பட்டார் என்பதே ஈண்டு நாம் உற்று நோக்கத்தக்கது.

பிற்காலத்துச் சட்ட அறிஞர்கள் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். காழியின் முன் வந்து நிற்பவர் மொழி காழிக்குப் புரியவில்லையெனில் எத்தனை மொழிபெயர்ப்பாளர் வேண்டும்? நம்பகமான ஒருவர் போதும் என்றனர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களும். இருவர் வேண்டும் என்றனர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும். மொழிபெயர்ப்பு என்பது செய்தி அறிவித்தலா, சாட்சியம் கூறுதலா என்பதே அவர்கள் வேறுபட்ட இடம். சாட்சியம் எனக் கொண்டோர் இருவரைக் கேட்டனர். எண்ணிக்கையில் வேறுபட்ட அவ்விரு சாராரும், மொழிபெயர்ப்பவர் நம்பகமானவராக இருத்தல் வேண்டும் என்பதில் வேறுபடவில்லை. தமிழகத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். இப்பொருளில் நாம் இருவரும் ஒன்றுபட்டு நிற்பதற்குத் தடையேதும் இல்லை.

சைகைக்கும் நம் சட்ட மரபு மதிப்பளித்தே வந்துள்ளது. வாய் பேச இயலாதவரின் தெளிவான சைகை, திருமணம், கொடுக்கல் வாங்கல் முதலியவற்றில் வாய்மொழிக்கு நிகராக ஏற்கப்படும் என்பது ஃபிக்ஹு நூல்களின் முடிபு. 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பிலும் இது தனி விதியாகவே இடம் பெற்றது. மொழிபெயர்ப்பாளர் கூற்றைப் பற்றிய விதி அதற்கு அடுத்ததாகவே அமைந்தது. ஒரு சைகையால் நிக்காஹ் நிறைவேறும் எனில், அச்சைகையைப் பிழையாகப் பெயர்த்துரைப்பவரால் ஒரு வாழ்வே திரிந்துவிடும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

இன்னொன்றையும் நினைவூட்ட விழைகிறேன். நம் அரபிக் கல்லூரிகளில் ஆண்டுக்கணக்கில் ஓதித் தேர்ந்தவர்க்கே ஸனது வழங்கப்படுகிறது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்றவர் ‘பாகவி’ என்று அறியப்படுவது, அவர் யாரிடம் கற்றார், எதைக் கற்றார் என்பதற்கு உலகறிந்த உறுதிமொழியாகும். ஸனது இல்லாதவரை மிம்பரில் ஏற்றத் தயங்கும் சமுதாயம், ஸனது இல்லாதவரைச் செவி கேளாப் பிள்ளையின் முன் நிறுத்தி, ‘இவர் கையசைவதே உனக்குக் கல்வி’ என்று சொல்லலாமா?

அமெரிக்கா கற்ற பாடம்

கல்விக்கூட மொழிபெயர்ப்பாளர்க்குத் தகுதி வரையறுத்தலில் நெடுநாள் பட்டறிவு உடைய நாடு அமெரிக்கா. அந்நாட்டின் வெற்றி தோல்வி இரண்டுமே நமக்குப் பாடமாகும். அங்கே 1964இலேயே சைகை மொழிபெயர்ப்பாளர்க்கெனத் தேசியப் பதிவகம் ஒன்று தோன்றிவிட்டது. 1975இல் இயற்றப்பட்ட சட்டம், உடற்குறையுடைய எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளிக் கல்வி கிடைக்க வழி செய்தது. அதன் பின் காது கேளாத பிள்ளைகள் பெருந்திரளாகப் பொதுப்பள்ளிகளுக்கு வந்தனர். பிள்ளைகள் வந்த விரைவில் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கிடைத்தவரை வைத்துக் காலம் கழித்தனர்.

1982இல் எமி ரவுலி என்னும் சிறுமியின் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. அவள் வகுப்புத் தேர்ச்சி பெற்று முன்னேறி வருவதால் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் கடமை பள்ளிக்கு இல்லை எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதே அன்றைய வினாவாக இருந்தது. எத்தகைய மொழிபெயர்ப்பாளர் என்னும் வினா பின்னரே எழுந்தது.

அவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியாக 1991இல் வகுப்பறை மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு திறனறித் தேர்வு உருவாக்கப்பட்டது. தேர்வுக்கு வருபவர் பதிவு செய்யப்பட்ட வகுப்பறைப் பாடத்தைக் கேட்டுச் சைகையில் பெயர்த்தல் வேண்டும். பின்னர் காது கேளாத பிள்ளை ஒன்றின் சைகையைக் கண்டு வாய்மொழியில் பெயர்த்தல் வேண்டும். தொடக்கப்பள்ளிக்குத் தனியாகவும் உயர்நிலைப்பள்ளிக்குத் தனியாகவும் தேர்வு உண்டு. பிள்ளை வளர்ச்சி, கல்வி, தொழில் ஒழுக்கம் பற்றிய எழுத்துத் தேர்வும் தனியே உண்டு. செயல்முறைத் தேர்வை மதிப்பிடும் குழுவில் காது கேளாதாரும் இடம் பெறுவர். மதிப்பெண் சுழியிலிருந்து 5 வரை. பல மாநிலங்கள் 3.5 அல்லது 4 பெற்றாலன்றிப் பள்ளியில் பணியாற்றலாகாது என விதித்தன. தகுதியை வரையறுப்பது மாநிலங்களின் பொறுப்பாக இருந்தமையால் விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்டன.

இத்தேர்வு வெளிக்கொணர்ந்த உண்மை கசப்பானது. ஏற்கெனவே பள்ளிகளில் பணியாற்றிக்கொண்டிருந்தோர் உட்பட சுமார் 2100 பேரின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, அவர்களுள் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் பாடத்தை முழுமையாகப் பிள்ளைக்குச் சேர்ப்பிக்கும் திறன் அற்றவர் எனக் காட்டியது. இவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர். நாள்தோறும் வகுப்பில் நின்று கைகளை அசைத்து உழைத்தவர்களே. தேர்வு வைத்துப் பார்க்கும் வரை அவர்களுக்கே தம் குறை தெரிந்திருக்க வழியில்லை.

திறனற்ற மொழிபெயர்ப்பால் வரக்கூடிய இழப்பின் அளவை 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிவான மற்றொரு வழக்கு காட்டுகிறது. மிச்சிகன் மாநிலத்துப் பொதுப்பள்ளிகளில் 9 வயது முதல் 20 வயது வரை பயின்ற பெரஸ் என்னும் காது கேளா மாணவர் தொடுத்த வழக்கு அது. தகுதியற்ற மொழிபெயர்ப்பாளர்களையே தமக்கு அமர்த்தினர் என்பதும், தம் முன்னேற்றத்தைப் பெற்றோரிடம் மிகைப்படுத்தி அறிவித்து ஆண்டுதோறும் மேல்வகுப்புக்கு ஏற்றினர் என்பதும், படிப்பு முடியச் சில மாதங்களே இருந்த நிலையில் பட்டயம் இல்லையெனக் கைவிரித்தனர் என்பதும் அவர் கூறிய குற்றச்சாட்டுகள். இழப்பீடு கோரி அவர் வழக்காடலாம் என நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இழப்பீட்டுக்கு வழி திறக்கலாம். கடந்துபோன அந்தப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் பருவத்தை எந்த நீதிமன்றம் திருப்பித் தர இயலும்?

நம் நாட்டு நிலை

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் ஏறக்குறைய 50 லட்சம் பேர். தமிழகத்தைப் பொறுத்தவரை, காது கேளாதோர் கல்வி நமக்குப் புதியதன்று. ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்க்கெனத் தனிப் பட்ட வகுப்புகள் நடைபெற்று வருகின்றன. 1983இல் மும்பையில் நிறுவப்பட்ட செவித்திறன் குறையுடையோர்க்கான தேசிய நிறுவனம், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய அலி யாவர் ஜங் அவர்களின் பெயர் தாங்கியது என்பதும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

சட்டங்களுக்கும் குறைவில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், மறுவாழ்வுத் துறைப் பணியாளர் தகுதி பெற்றுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருத்தல் வேண்டும் என்றும், மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ 1000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ உண்டு என்றும் விதித்தது. 2015இல் புதுதில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அம்மையம் 2018இல் 3000 சொற்களுடன் வெளியிட்ட சைகை அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. மறுவாழ்வுக் கவுன்சிலின் ஏற்புடன் ஈராண்டுச் சைகை மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்பும் நடைபெறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாதார்க்கு அவர்க்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்கிறது. அதே சட்டம், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்கள் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் எனவும் ஆணையிட்டது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இட ஒதுக்கீட்டினால் ஒரு மாணவன் கல்லூரி வாயிலைக் கடந்து உள்ளே வருகிறான். உள்ளே வந்தவன் எதைக் கேட்பான்? முன்வரிசையில் அமரச் செய்து, நண்பனின் குறிப்பேட்டைப் படியெடுத்துக்கொள்ளச் சொல்லி, தேர்வில் சற்றுக் கருணை காட்டி அனுப்புவதைக் கல்வி என்று அழைப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏமாற்று. இன்னும் சற்று இரக்கம் மிக்க நிலையங்கள், சைகை ஓரளவு அறிந்த உறவினரையோ தன்னார்வலரையோ அருகில் அமர்த்தும். எண்ணம் நல்லதே. ஆனால் கண் மருத்துவர் இல்லாத ஊரில் அன்பு மிகுந்த ஒருவர் கையில் கத்தியைக் கொடுத்துக் கண்ணில் சிகிச்சை செய்யச் சொல்வோமா?

மேலும், ஈராண்டுப் பட்டயம் மருத்துவமனை, நீதிமன்றம், அலுவலகம், வகுப்பறை என அனைத்துக்குமான பொதுப் பயிற்சியாகும். வேதியியலும் யாப்பும் வணிகவியலும் நடைபெறும் வகுப்பறையில் நிற்பதற்கு, அதற்கு மேலும் ஒரு தேர்வு வேண்டும் என்பது மேற்கண்ட பட்டறிவிலிருந்து நாம் பெறும் முடிவு.

மறுப்பும் விடையும்

‘இருப்போரே மிகச் சிலர். அவர்களுக்கும் சான்றிதழ் கேட்டால், ஓரளவேனும் உதவுகின்றவர்களும் விலகிப் போவர். அரைக் குவளை நீரும் இல்லாமற் போகுமே’ என்பார் உளர். இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நாளைக் காலையிலேயே சான்றில்லார் அனைவரையும் வெளியேற்றுக என்று ஆணையிட்டால், இழப்பு மாணவனுக்கே. ஆதலின் படிப்படியாகச் செல்லுதலே நெறி. இன்று பணியில் இருப்பவர்க்குக் காலவரம்புடன் கூடிய தற்காலிக இசைவு அளித்து, தேர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பழக்கி, குறித்த ஆண்டுக்குள் தேர்வில் வெற்றி பெறச் செய்ய வேண்டும். பற்றாக்குறையைக் காரணம் காட்டித் தகுதியைக் கைவிடுவதை விட, தகுதியைக் காரணம் காட்டிப் பயிற்சி இடங்களைப் பெருக்குவதே அறிவுடைமை. ஆசிரியர் பற்றாக்குறை இருந்த காலத்திலும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லையே!

‘காது கேளாத பெற்றோர்க்குப் பிறந்து, தாய்மொழியாகவே சைகையைப் பயின்ற பிள்ளைகளுக்கும் சான்று வேண்டுமா?’ என்று மற்றொரு வினா எழும். அவர்கள் கைகளில் தவழும் மொழி, ஏட்டில் கற்றவர்க்கு எளிதில் வாய்ப்பதன்று. அவர்களை ஈராண்டு வகுப்பில் அமருமாறு வற்புறுத்துதல் வீண். ஆயினும் வீட்டில் பேசும் தமிழ் ஒருவரைத் தமிழாசிரியர் ஆக்கிவிடாதவாறே, வீட்டுச் சைகை ஒருவரை வகுப்பறை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாது. அவர்களுக்கு நேரடியாகத் தேர்வெழுதிச் சான்று பெறும் வாயில் திறந்தே இருக்க வேண்டும்.

‘சான்றிதழ் பெற்றவரெல்லாம் திறமையாளரா?’ என்று கேட்பாரும் உண்டு. உண்மைதான், தாள் மட்டும் தகுதியாகாது. அதனாலேயே தேர்வு என்பது எழுத்தோடு நில்லாது, கையையும் முகத்தையும் நேரில் கண்டு மதிப்பிடுவதாக இருத்தல் வேண்டும் என்கிறேன். அம்மதிப்பீட்டுக் குழுவில் காது கேளாதார் கட்டாயம் இடம் பெற வேண்டும். மொழிபெயர்ப்பு யாருக்காகச் செய்யப்படுகிறதோ, அது புரிந்ததா இல்லையா என்று சொல்லும் உரிமை அவர்க்கே உரியது.

நாம் செய்ய வேண்டுவன

அரசு செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்க, நம்மைப் போன்ற கல்லூரிகள் தாமே செய்யத்தக்கன சிலவற்றை முன்வைக்கிறேன். முதலாவதாக, செவி கேளா மாணவரைச் சேர்க்கும்போதே, பட்டயம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஊதியத்தையும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். கட்டடத்திற்கு நன்கொடை திரட்டும் நாம், ஒரு மனிதரின் ஊதியத்திற்கும் திரட்ட முடியும்.

இரண்டாவதாக, ஒருவரையே காலை முதல் மாலை வரை நிற்க வைத்தல் ஆகாது. தொடர்ந்து கேட்டுக்கொண்டே பெயர்த்துக்கொண்டிருக்கும் மூளை விரைவில் களைப்படையும். களைத்த கை பொருளைச் சிதைக்கும். நீண்ட வகுப்புகளுக்கு இருவர் மாறி மாறி நிற்க வேண்டும். இருவர் வேண்டும் என்றுரைத்த இமாம்களின் கருத்து இங்கே வேறொரு நோக்கிலும் பயன் தருகிறது: ஒருவர் பெயர்க்க, மற்றவர் பிழை கண்டு எடுத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவதாக, ஆசிரியர் தம் பாடக்குறிப்பையும் கலைச்சொற்களையும் முதல்நாளே மொழிபெயர்ப்பாளரிடம் தருதல் வேண்டும். ‘தளை’ என்றால் யாப்பில் என்ன என்று அவர் முன்னரே அறிந்திருந்தால், மறுநாள் விலங்கைக் காட்ட மாட்டார். தமிழ்த்துறை இதனைத் தொடங்கி வைக்கலாம். இலக்கணக் கலைச்சொற்களுக்கு எத்தகைய சைகைகள் பொருந்தும் எனக் காது கேளாதாருடன் கலந்து தொகுப்பது நல்லதோர் ஆய்வுப் பொருளுமாகும்.

நான்காவதாக, மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பாளராகவே இருத்தல் வேண்டும். மாணவனுக்காகத் தாமே விடை சொல்லுதலும், கடினமானதைத் தாமே விட்டுவிடுதலும், வகுப்பில் கண்டதைப் புறத்தே பேசுதலும் கூடா. இவ்வொழுக்கத்தைச் சான்றின் ஒரு பகுதியாகவே கற்பிக்க வேண்டும். தூதுவர்க்குரிய பண்புகளைத் ‘தூது’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்ததும் இது பற்றியே அன்றோ? சொல்லை ஏற்றிச் செல்பவரின் குறை, சொல்லியவர்க்கும் கேட்பவர்க்கும் கேடாக முடியும்.

அன்பு மாணவர்களே! உங்களுள் மொழியார்வம் உடையோர் சிலரேனும் இத்துறைக்கு வருதல் வேண்டும். இருமொழிப் புலமையும் பொறுமையும் நாணயமும் ஒருங்கே வேண்டும் தொழில் இது. ஆற்றுவாரோ சிலர், தேவையோ பெரிது. சமுதாயப் பெரியோர்களே! நம் மஹல்லாக்களிலும் செவி கேளாப் பிள்ளைகள் உளர். ஜும்ஆ நாளில் அவர்களும் நம்மோடு வந்து அமர்கின்றனர். பயான் முடியும் வரை இமாமின் உதடுகளையே பார்த்திருந்துவிட்டு எழுந்து செல்கின்றனர். அவர்களுக்காக இதுவரை நாம் என்ன செய்தோம்?

பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு தேடி வந்த வேளையில், அவர் பால் முகம் திருப்பப்படாமை குறித்துத் திருமறையின் ‘அபஸ’ அத்தியாயமே இறங்கிற்று. குறையுடையார் ஒருவர் கற்க வரும்போது நம் முகம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பது இறைவன் முன் வினவப்படும் செய்தி என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டுமோ? நம் முகம் அவர்பால் திரும்பட்டும். அவர்முன் நாம் நிறுத்தும் மொழிபெயர்ப்பாளரின் கைகளும் பிழையறப் பேசும் கைகளாக இருக்கட்டும். அதற்கான உறுதியையே சான்றிதழ் என்கிறோம்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் அதற்குரிய நல்லெண்ணத்தையும் ஆற்றலையும் தந்தருள்வானாக!